கள்ளத் தள்ளு

பிப்ரவரி 3, செவ்வாய்

ஆய்வகப் பதிவேட்டில் "இன்றும் இரைச்சல் குறையவில்லை" என்று மட்டும்தான் எழுத முடிகிறது. நாய்ப்பிழைப்பு என்று எழுதினால் ஆய்வகத் தலைவர் நல்லசிவம் சார் அழிக்கச் சொல்வார். அதனால் இந்த நோட்டு.

பிரச்சினை இதுதான். திருச்செங்கோட்டைத் தாண்டி ஒரு கரட்டுக் குன்றின் மேல் எங்கள் கட்டடம் இருக்கிறது. ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு எஃகுக் குழாய்கள், ஒவ்வொன்றும் நூறு மீட்டர், உள்ளே காற்றே கிடையாது. குழாய்களின் முனையில் தலைமுடியைவிடச் சற்றே தடித்த கண்ணாடி இழைகளில் கனமான கண்ணாடிகள் தொங்குகின்றன. லேசரை விட்டு அவை எவ்வளவு ஆடுகின்றன என்று பார்க்கிறோம். ஆடக் கூடாது. வானத்தில் இரண்டு கருந்துளைகள் மோதினால் வரும் ஈர்ப்பு அலையைப் பிடிக்க, கிலோமீட்டர் கணக்கில் நீளமுள்ள பெரிய கருவிகள் உலகத்தில் இருக்கின்றன. எங்களுடையது அலையைப் பிடிப்பதற்கு இல்லை. அந்தப் பெரிய கருவிகளுக்கு, அவற்றில் இப்போது இருப்பதைவிட அமைதியாகத் தொங்கும் கண்ணாடியைச் செய்து காட்டுவதற்கு.

நொடிக்கு முப்பது ஆட்டம் என்ற இடத்தில் எங்கள் கண்ணாடி இருக்க வேண்டியதைவிட மூன்று மடங்கு ஆடுகிறது. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. மார்ச் 12 அன்று மதிப்பீட்டுக் குழு வருகிறது.

"மூணு மடங்கு குறைச்சுக் காட்டோணும். இல்லீன்னா கதவச் சாத்திப்போடுவாங்க" என்றார் சார். எட்டுப் பேர் வேலை செய்கிறோம். எட்டும் ஒப்பந்தம்.

பிப்ரவரி 5, வியாழன்

கரட்டின் கீழே ஒரு கோழிப்பண்ணை. அதன் ராட்சத மின்விசிறிகள்மேல் எனக்கு ஆறு மாதமாகச் சந்தேகம். இன்று நேரில் போனேன். முதலாளி செங்கோட்டுவேல் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து முட்டை அட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"ஒரு மணி நேரம் ஃபேன் எல்லாத்தையும் நிறுத்த முடியுமா?"

"நிறுத்துனா கோழி செத்துப்போகுமுங்க தம்பி. நிறுத்தாட்டி உங்களுக்கு என்னுங் சாகும்?"

"ஒண்ணும் சாகாது."

"அப்பறம் என்னத்துக்குங்க வெயில்ல நடந்து வந்தீங்க?"

மோர் கொடுத்தார். குடித்தேன். கடைசியில் பத்து நிமிடம் நிறுத்தினார். மேலே சுகிர்தா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பதில் ஒரு மயிரும் அசையவில்லை என்று போனில் சொன்னாள். ஆக, கோழியும் இல்லை.

சுகிர்தா பற்றி இன்னும் எழுதவில்லை. தூத்துக்குடிக்காரி. இங்கே என் ஊர்ப் பேச்சு பேசுகிற ஒரே ஆள். கருவியின் அளவைச் சரிபார்ப்பது அவள் வேலை. ஒரு சிறு லேசரால் கண்ணாடியை மிக மெல்ல, இவ்வளவு என்று தெரிந்த அளவுக்குத் தள்ளுவாள். திரையில் அதே அளவு தெரிந்தால் கருவி பொய் சொல்லவில்லை என்று அர்த்தம். அவளுக்கு ஒரு மகள், மீனு. இரண்டாம் வகுப்பு. அதற்குள் நான்காவது பள்ளிக்கூடம். அம்மா ஒப்பந்தம் முடிந்து முடிந்து ஊர் மாறினால் பிள்ளை என்ன செய்யும்.

பிப்ரவரி 9, திங்கள்

வாராந்தரக் கூட்டம். இந்த மாதக் கள்ளத் தள்ளுக்குச் சீட்டுக் குலுக்கினோம்.

இது எங்கள் ஆய்வகத்து வழக்கம். எட்டுச் சீட்டில் ஒன்றில் மட்டும் வட்டம் போட்டிருக்கும். வட்டம் வந்த ஆள் யாரிடமும் சொல்லாமல், தனக்குத் தோன்றிய நேரத்தில், சுகிர்தாவின் லேசரைக் கொண்டு கண்ணாடியைத் தள்ள வேண்டும். கருந்துளைகள் மோதினால் எப்படி ஆடுமோ அதே மாதிரி. மற்றவர்கள் டேட்டாவில் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். முடிவுகளை எழுதி மூடிய பிறகுதான் தள்ளியவர் எழுந்து நிற்கலாம். அதற்கு முன் வாய் திறந்தால் சோதனைக்கு மதிப்பில்லை. பெரிய கருவிகளிலும் இந்தப் பழக்கம் உண்டு. நம்மை நாமே ஏமாற்றிக்கொள்கிறோமா என்று பார்க்க வேறு வழி கிடையாது.

எனக்கு வெறும் சீட்டு. சுகிர்தா தன்னுடையதைப் பார்த்துவிட்டு வாயில் போட்டு மென்றாள்.

"பேப்பர திங்காத, வயித்த வலிக்கும்" என்றேன்.

"மெஸ் இட்லிக்கு இது தேவல" என்றாள்.

பிப்ரவரி 11, புதன்

இன்று மூளை வேலை செய்தது. இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று ஏன் தேட வேண்டும்? தேடித் தேடி ஏழு மாதம் நாசம். இரைச்சலைக் கேட்கிற சென்சார்கள் கருவியெங்கும் இருக்கின்றன. தரை ஆடுவதை ஒன்று கேட்கிறது, குழாய் அதிர்வதை இன்னொன்று. அவை கேட்டதையெல்லாம் கண்ணாடியின் டேட்டாவிலிருந்து கழித்துவிட்டால் மிச்சம் சுத்தம். சத்தத்தை அடக்கும் ஹெட்போன் அப்படித்தான் வேலை செய்கிறது.

இதை முன்பும் செய்திருக்கிறோம், கொஞ்சம்தான் குறைந்தது. நான் புதிதாகச் சேர்ப்பது ஒரே ஒரு சென்சார். கண்ணாடிக்கு மேலே அதைத் தாங்கித் தொங்கும் எடை இருக்கிறது, அதில் ஒட்டியது. கண்ணாடிக்கு அவ்வளவு பக்கத்தில் இருக்கிற சென்சாரை இதுவரை யாரும் சேர்க்கவில்லை. ஏன் சேர்க்கவில்லை என்று கேட்டால் ஆளாளுக்கு விழிக்கிறார்கள்.

சுகிர்தா தன் லேசரால் எப்போதும் ஒரு சீரான அதிர்வைக் கொடுத்துக்கொண்டே இருப்பாள், அளவுகோல் மாதிரி. அதை மட்டும் தொடாதே என்று நிரலில் எழுதிவிட்டேன். அளவுகோலைக் கழித்துவிட்டால் கேவலம்.

பிப்ரவரி 17, செவ்வாய்

குறைந்துவிட்டது. சனி, ஞாயிறு டேட்டா முழுவதையும் கழித்துப் பார்த்தேன். மூன்று மடங்குக்கும் மேல். அளவுகோல் அதிர்வு அசையாமல் அதே இடத்தில் நிற்கிறது. சரியாகத்தான் செய்திருக்கிறேன்.

நல்லசிவம் சார் திரையருகே குனிந்து பார்த்தார். பிறகு "பொழைச்சோம் கண்ணு" என்றார். என்னை அவர் கண்ணு என்று கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. ஆளனுப்பி ஒரு பெட்டி லட்டு வாங்கிவரச் சொன்னார்.

சுகிர்தா லட்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

"ஞாயித்துக்கெழம டேட்டாவ முழுசாப் பாத்தியா?"

"பாத்தேன்."

"ஒண்ணும் தெரியலயா?"

"சுத்தமா இருக்கு. ஏன்?"

"சும்மா கேட்டேன்."

பாராட்டத் தெரியாத சனம்.

பிப்ரவரி 19, வியாழன்

சுகிர்தா மறுபடியும். ஞாயிறு சாயங்காலத்தை இன்னொரு தடவை பார்க்கச் சொல்கிறாள். பார்த்தேன். ஒன்றும் இல்லை. இருப்பதைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்றேன். முகம் வெளுத்துப் போனது. "சொல்லக் கூடாதுல்லா" என்று முனகிவிட்டுப் போய்விட்டாள். என்ன சொல்லக் கூடாதோ.

பிப்ரவரி 20, வெள்ளி

மெஸ்ஸில் தண்ணீர் இல்லை. லாரி வரவில்லை. குளிக்கவில்லை. அக்கா போனில், "வேலை நெரந்தரம் ஆயிருமால?" என்றாள். ஆயிரும் என்றேன். வாழ்க்கையில் முதல்முறை அவளுக்கு நல்ல பதில்.

பிப்ரவரி 23, திங்கள்

முடிவுகளை எழுதி மூடிவிட்டோம். இனி மாற்றம் இல்லை, இதுதான் குழுவுக்குப் போகிறது.

கூட்டத்தின் முடிவில் சார் வழக்கம்போலக் கேட்டார். "செரி, இந்த மாசம் கண்ணாடியத் தள்ளுனது யாருங்க? எந்திரிங்க."

யாரும் எழவில்லை.

"என்னுங், ஒருத்தரும் தள்ளலியா?"

வெற்றிடப் பம்புகளைப் பார்த்துக்கொள்கிற தங்கமுத்து, "சீட்டத் தின்னுபோட்டு மறந்திருப்பாங்க சார்" என்றான். எல்லாரும் சிரித்தோம். சுகிர்தா சிரிக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காய்ச்சல் என்று காலையிலேயே சொன்னாள்.

வேலை நெருக்கடியில் வாய்ப்புக் கிடைத்திருக்காது, போகட்டும் என்று சார் விட்டுவிட்டார். நல்லதுதான். நேரம் மிச்சம்.

பிப்ரவரி 26, வியாழன்

குழு ஒப்புக்கொண்டால் இரண்டு நிரந்தர இடங்கள் வருமாம். ஒன்று எனக்கு, ஒன்று சுகிர்தாவுக்கு என்று சார் ஜாடையாகச் சொன்னார். அவளிடம் சொல்ல ஓடினேன். தெரியும் என்றாள். அவ்வளவுதான். மீனு இனிமேல் பள்ளிக்கூடம் மாற வேண்டாமே என்றேன். "ஆமா" என்றாள்.

ஒரு வாரமாக என்னோடு சாப்பிட உட்காருவதில்லை. நான் ஏதாவது தப்பாகப் பேசியிருப்பேன். பேசினால் பேசினதுதான், அவள் கேட்டால் மன்னிப்புக் கேட்பேன். கேட்க வேண்டுமே.

மார்ச் 4, புதன்

குழுவுக்குக் காட்ட ஒரு படம் வேண்டும். இடதுபக்கம் கழிக்காத டேட்டா, வலதுபக்கம் கழித்தது. வித்தியாசம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். இருப்பதிலேயே அமைதியான நேரம் 15ஆம் தேதி, ஞாயிறு சாயங்காலம். அதை எடுத்தேன்.

இடதுபக்கத்தில், இரைச்சலுக்கு நடுவே ஒரு கோடு. கீழிருந்து மெல்ல எழுந்து, வளைந்து, சட்டென்று செங்குத்தாகி அறுந்துபோகிறது. கருந்துளைகள் மோதுகிற வடிவம். யாரோ கண்ணாடியைத் தள்ளியிருக்கிறார்கள். தெளிவாக, தாராளமாகத் தள்ளியிருக்கிறார்கள்.

வலதுபக்கத்தில் அது இல்லை. துடைத்து வைத்த மாதிரி இருக்கிறது.

கழிக்காத டேட்டாவை 17ஆம் தேதிக்குப் பிறகு யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. நானும்தான்.

காரணம் புரிய ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. கண்ணாடி நகர்ந்தால் அதைப் பழைய இடத்துக்கு இழுத்துப் பிடிக்க, மேலே தொங்கும் எடையைக் கருவி தானாகவே தள்ளும். கண்ணாடி எதனால் நகர்ந்தாலும் சரி, தள்ளும். நான் சேர்த்த சென்சார் அந்த எடையில்தான் ஒட்டியிருக்கிறது. அது தரையைக் கேட்கவில்லை. கண்ணாடியையே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. கண்ணாடி சொன்ன எல்லாவற்றையும் நான் இரைச்சல் என்று கழித்திருக்கிறேன். நிஜமான ஈர்ப்பு அலை வந்திருந்தாலும் கழித்திருப்பேன். காதைப் பொத்திக்கொண்டு ஊர் அமைதியாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன். அளவுகோல் அதிர்வு ஏன் தப்பியது? தொடாதே என்று நானே எழுதியதால்.

ஞாயிற்றுக்கிழமை டேட்டாவைப் பார், பார் என்று அவள் சொன்னது.

மார்ச் 5, வியாழன்

சுகிர்தாவை லேசர் அறைக்கு வெளியே, செருப்பு மாற்றுகிற இடத்தில் பிடித்தேன்.

"வட்டம் ஒனக்குத்தான் வந்துச்சு."

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். ஒரு காலில் ஆய்வகச் செருப்பு, ஒரு காலில் அவளுடையது.

"கண்டுபிடிச்சிட்டியா?"

"23ஆம் தேதி ஏன் எந்திரிக்கல? அன்னைக்குச் சொல்லியிருந்தா நேரம் இருந்துச்சு. வேற வழி தேடியிருக்கலாம்."

"முதல்ல நீ கண்டுபிடிக்கணும்னு காத்துக்கிட்டிருந்தேன். வாயத் தொறக்கக் கூடாது, ஆனா எத்தன தடவ சொன்னேன்னு நெனச்சுப் பாரு. அப்புறம் கூட்டத்துக்கு முந்தியே சார் எங்கிட்ட அந்த ரெண்டு வேலயப் பத்திப் பேசுனாரு."

"அப்புறம்?"

"அப்புறம் நீ கண்டுபிடிக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன்."

நான் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. அவளுடைய இன்னொரு செருப்பை எடுத்து அவள் காலருகே வைத்துவிட்டு நின்றேன்.

"திங்கக்கெழம சார்ட்ட நானே சொல்லுதேன்" என்றாள். "நீ ஒண்ணும் சொல்லாத. நாந்தான் சொல்லணும்."

சரி என்றேன்.

மார்ச் 6, வெள்ளி

அந்தச் சென்சாரை எடுத்துவிட்டுக் கழித்தேன். பழைய இரைச்சல் பழைய இடத்தில்.

மார்ச் 7, சனி

மேல் எடையைத் தள்ளும் அளவைத் தனியாகக் கணக்கிட்டு நீக்கினேன். முதலில் குறைந்த மாதிரி இருந்தது. கணக்கில் பிழை. திருத்தினால் குறையவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

கருவியின் பிடியைத் தளர்த்திப் பார்த்தேன். கண்ணாடி நழுவியது. மறுபடி நிலைக்குக் கொண்டுவரப் பகல் முழுவதும் போய்விட்டது. தங்கமுத்து தயிர்சாதப் பொட்டலம் கொண்டுவந்து வைத்தான். சாப்பிடவில்லை. எறும்பு மொய்த்துவிட்டது.

மார்ச் 9, திங்கள்

சுகிர்தா காலையில் வரவில்லை. மீனுவின் பள்ளியில் பெற்றோர் கூட்டம், மதியம் வருகிறேன் என்று செய்தி அனுப்பியிருந்தாள். குழுவுக்கான அறிக்கையை மதியத்துக்குள் அனுப்ப வேண்டும் என்று அவளுக்கும் தெரியும்.

பத்து மணிக்கு சார் அறிக்கையில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தார். நான் படத்தைக் காட்டினேன். இடதுபக்கம், வலதுபக்கம். அவருக்கும் ஐந்து நிமிடம்தான் ஆனது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"தள்ளுனது யாருங்க?"

"நான்தான் சார்."

"சீட்டு உங்களுக்கா வந்துச்சு?"

"ஆமா."

"கூட்டத்துல கேட்டனே. எந்திரிக்கலியே."

"பேசாம இருந்துட்டேன்."

"நீங்களே தள்ளி, நீங்களே கழிச்சு, அது காணாமப் போனதும் உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே நாங்க குடுத்த லட்டத் தின்னீங்க."

அவர் குரலை உயர்த்தவில்லை.

"தப்புப் பண்ணியிருந்தீங்கன்னா நான் கூட நின்னிருப்பனுங்க தம்பி. இது தப்பில்ல. களவு."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எழுத இப்போது பொறுமை இல்லை. துணி துவைக்க வேண்டும். தண்ணீர் ஏழு மணிக்கு நின்றுவிடும்.

மார்ச் 10, செவ்வாய்

நேற்று மதியமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. சார் எல்லாரையும் கூட்டி வைத்துச் சொன்னாராம். இன்று காலை வராந்தாவில் எதிரே வந்தாள். ஏதோ சொல்ல வந்தாள். தங்கமுத்து வந்தான். போய்விட்டாள்.

இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. சொல்வாள்.

மார்ச் 12, வியாழன்

குழுவில் மூன்று பேர். தலைவர் டெல்லியிலிருந்து வந்த அம்மாள், நரைத்த தலை, ஒரு வார்த்தையும் வீணாக்காத ஆள். எனக்குப் பிடித்தது. சார் எதையும் மறைக்கவில்லை. கழிக்காத டேட்டாவைக் காட்டினார். முப்பதில் மூன்று மடங்கு. நடந்ததைச் சொன்னார். என் பெயரையும் சொன்னார்.

அந்த அம்மாள் என்னைப் பார்த்துக் கேட்டார், எல்லாம் ஆங்கிலத்தில். சோதனைத் தள்ளு மறைந்ததைத் தெரிந்தே மறைத்தீர்களா? ஆமாம். இது வேறு யாருக்காவது தெரியுமா?

நான் உடனே பதில் சொல்கிற ஆள். இதற்கு உடனே சொல்லவில்லை. எதற்குக் காத்திருக்கிறேன் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. என் இடதுபக்கம் இரண்டு நாற்காலி தள்ளி அவள் இருந்தாள். பேனா மூடியைத் திறந்தாள், மூடினாள்.

யாருக்கும் தெரியாது என்றேன்.

மாலையில் முடிவைச் சொல்லிவிட்டார்கள். ஆய்வகம் மூடப்படும். கண்ணாடி இழைத் திட்டம் கைவிடப்படும். அறிக்கையில் ஒரே ஒரு நல்ல வரி: இந்த ஆய்வகத்தில் நம்பத்தக்கதாக இருந்தது அந்தத் தள்ளும் ஏற்பாடு ஒன்றுதான், அது இல்லாவிட்டால் இந்த மோசடி வெளியே வந்திருக்காது. அதைக் கவனித்துவந்த டாக்டர் சுகிர்தாவைப் பெரிய கருவியின் பணிக்கு எடுத்துக்கொள்ளப் பரிந்துரைக்கிறோம். நிரந்தரப் பணி.

தங்கமுத்து ஒரு மூலையில் நின்று அழுதான். அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

மார்ச் 13, வெள்ளி

அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 14, சனி

லேசரை நேற்றே அணைத்தாயிற்று. கடைசி வேலை, குழாய்க்குள் காற்றை விடுவது. வால்வைத் திறக்கத் தங்கமுத்து மறுத்துவிட்டான். சார் வரவில்லை. இந்த மாதிரி வேலைக்கு இனி என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது.

சுகிர்தா வந்து நின்றாள். புதிய ஊரில் பள்ளிக்கூடம் பார்த்துவிட்டாளாம். நான் கேட்கவில்லை, அவளாகச் சொன்னாள்.

"நான் உங்கிட்ட ஒண்ணும் கேக்கல, இசக்கி."

"கேட்டிருந்தா செஞ்சிருக்க மாட்டேன்."

"பின்ன ஏன்?"

"நாந்தான்னு நீ வந்து சொல்லுவேன்னு நெனச்சேன்."

அவள் அழுதாளா என்று தெரியவில்லை. நான் அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வால்வைத் திருகினேன். வடிகட்டி வழியாகக் காற்று மெல்லிய இரைச்சலோடு உள்ளே போனது. மூன்று வருடமாக அந்தக் குழாய்க்குள் எதுவும் போனதில்லை.

பாதியில் நிறுத்தலாம். அந்த வால்வை எப்போது வேண்டுமானாலும் மூடலாம். பம்பைப் போட்டால் சில வாரங்களில் பழைய நிலைக்கு வந்துவிடும். ஒருவர் போய் சாரிடம் ஒரு வாக்கியம் சொன்னால் போதும், தப்பு என்றால் கூட நின்றிருப்பேன் என்று சொன்ன மனிதர் அவர். முள் பாதிக்கு வந்தபோது வால்வை மூடிவிட்டு நின்றேன். அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் செருப்புச் சத்தம் வாசல் வரை போனது. அங்கே கொஞ்சம் நின்றது. பிறகு படியிறங்கியது.

மிச்சத்தையும் திறந்துவிட்டேன்.